இடுப்பைத் தொட்ட கைகள்: புறமருத்துவத்தின் சாதி வரலாறு

இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்த்து விடும் நிலையங்கள் கோவளம் கடற்கரையிலிருந்து சென்னையின் பெரிய ஹோட்டல்கள் வரை இன்று நடக்கின்றன. வாசலில் குத்துவிளக்கு, உள்ளே தன்வந்திரி சிலை, சுவரில் 'ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்' என்ற பலகை. முனிவர்கள் தவமிருந்து உலகுக்கு அருளிய மருத்துவம் என்று அவர்கள் தரும் கையேடு சொல்லும். இத்தனை காலமும் நோயாளியின் இடுப்பில் கை வைத்தது யார் என்பதை மட்டும் அது சொல்லாது. முனிவரா வந்து தேய்த்து விட்டார்?

யார் யாரைத் தொடலாம், யார் தொட்டால் தீட்டு என்று விதி செய்ததுதான் சாதி. தொடாமல் செய்யவே முடியாதது புறமருத்துவம். இரண்டும் ஒரே ஊரில், ஒரே தெருவில் பல நூற்றாண்டுகள் சேர்ந்தே இருந்திருக்கின்றன. அது எப்படி நடந்தது என்று கேட்டால் இந்த மருத்துவத்தின் உண்மையான வரலாறு வெளியே வரும். இடுப்பு வலியை வைத்தே அதைப் பேசுவோம். உழைக்கும் மக்களுக்கு இதைவிடப் பழக்கமான வலி வேறு இல்லை.

கை செய்த மருத்துவம்

சித்த மருத்துவம் உள்மருந்தை 32 வகையாகவும் புறமருந்தை 32 வகையாகவும் பிரிக்கிறது. ஒற்றடம், வேது, பற்று, பூச்சு, கட்டு, பொட்டணம் எல்லாம் புறமருந்தில் அடங்கும். தொக்கணமும் அதில் ஒன்று. இன்று 'மசாஜ்' என்று நாம் சொல்வதற்குத் தமிழில் இருந்த பெயர் அது. தொக்கணத்திலும் 9 வகை உண்டு: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். பட்டியலைப் படித்தாலே தெரியும், இது உட்கார்ந்து ஏடு வாசித்தவர் மட்டும் உண்டாக்கிய அறிவாக இருக்க முடியாது. ஆயிரம் உடம்புகளைப் பிடித்துப் பார்த்த விரல்கள்தான் இறுக்கலுக்கும் அழுத்தலுக்கும் வேறுபாடு கண்டிருக்க முடியும்.

இதற்கான மருந்துகள் வேலியிலும் வாய்க்கால் கரையிலும் கிடந்தன. நொச்சி இலையை விளக்கெண்ணெய் விட்டு வதக்கித் துணியில் பொட்டணமாகக் கட்டி, பிடித்துக்கொண்ட இடத்தில் சூடு பொறுக்குமளவு ஒற்றினார்கள். ஆமணக்கு இலையையும் எருக்கிலையையும் வாட்டி வைத்துக் கட்டினார்கள். இலை கிடைக்காத கோடையில் மணலும் கல் உப்பும் வறுத்து ஒற்றடம் கொடுத்தார்கள். வாதநாராயணன் தழையும் புளிய இலையும் போட்டுக் கொதிக்க வைத்த நீரை இடுப்பில் ஊற்றினார்கள். முடக்கத்தானைக் கீரையாகவும் ரசமாகவும் உள்ளுக்குக் கொடுத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டி, இடுப்பில் வெந்நீரை வீசி அடித்து ஊற்றுவது மருத்துவச்சியின் வேலை. இடுப்புக்கு வலு சேர்க்க உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் சேர்த்துக் களி கிண்டிக் கொடுத்தார்கள். கையில் உளுந்து இருந்த வீட்டில்தான் அந்தக் களி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தென்கோடியில், பழைய தென் திருவிதாங்கூரான கன்னியாகுமரிப் பகுதியில், வர்மக்கலை வளர்ந்தது. உடம்பில் 108 வர்மப் புள்ளிகள் என்றும், அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்றும் ஆசான்கள் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். சிலம்பத்தில் அடிபட்டவர், பனையிலிருந்து விழுந்தவர், சுமை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவர் எல்லோரும் ஆசானிடம்தான் போனார்கள். அவர் தடவுமுறையும் தைலமும் கஷாயமும் கொடுத்தார். இந்த ஆசான்களில் பெரும்பாலோர் நாடார்கள். தங்கள் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்த சமூகம் அது. மார்பில் துணி போடக் கூடாது என்று சட்டம் பேசியவர்களுக்கும் குறுக்கு பிடித்தால் அந்தச் சமூகத்தின் கைதானே வேண்டியிருந்தது?

வேண்டும், ஆனால் வேண்டாம்

மருத்துவனைப் பற்றி மனுஸ்மிருதி என்ன சொல்கிறது என்பதைப் பாரம்பரியப் பெருமை பேசுவோர் ஒருபோதும் எடுத்துக் காட்டுவதில்லை. சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாதவர்கள் வரிசையில் மருத்துவனை அது வைக்கிறது. அவன் தரும் உணவைச் சீழுக்கு ஒப்பிடுகிறது. மருத்துவத் தொழிலையே கலப்பில் பிறந்தவர்களாக அது கருதிய அம்பஷ்டருக்கு ஒதுக்குகிறது. ஏன் இந்த வெறுப்பு என்பதைத் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1977இல் வெளிவந்த 'பண்டைய இந்தியாவில் அறிவியலும் சமூகமும்' என்ற ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். மருத்துவன் சாதி பார்க்காமல் எல்லா உடம்பையும் தொடுகிறான், கண்ணால் கண்டதை நம்புகிறான், கையால் வேலை செய்கிறான். புரோகித ஒழுங்குக்கு இவை மூன்றுமே ஆகாது.

ஆகவே தொடும் வேலை கீழே தள்ளப்பட்டது. தமிழ்நாட்டில் முடி திருத்தும் சமூகத்தினரே கட்டி அறுப்பது, சுளுக்கு எடுப்பது ஆகியவற்றைச் செய்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். 'மருத்துவர்' என்றே அந்தச் சாதிக்குப் பெயர். 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலிலும் இது பதிவாகியிருக்கிறது. கேரளத்தில் பட்டியல் சாதியினரான வேலன் சமூகப் பெண்கள் பேறு பார்த்தார்கள். எங்கள் சேரிகளில் வள்ளுவர்கள் நாள் பார்த்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள். பறையர் பெண்கள் பலர் ஊருக்கும் சேரிக்கும் மருத்துவச்சிகளாக இருந்தார்கள். தொப்புள்கொடி அறுக்க, இரத்தம் துடைக்க, பிள்ளைத்தாய்ச்சியின் இடுப்பைப் பிடித்துவிட அந்தக் கை வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கை பட்ட இடமெல்லாம் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டும். கூலியாகக் கொடுத்த நெல்லை அந்தக் கையில் படாமல் முறத்தில் கொட்ட வேண்டும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் பேச வேண்டும். தொட்டு மருத்துவம் செய்தவர்கள் எல்லோரும் எங்களைத் தொட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஊருக்குச் சவரம் செய்தவர் சேரிக்காரருக்குச் செய்ய மாட்டார். இன்றும் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் கடைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருக்கின்றன. இழிவுபடுத்தப்பட்டவர் தமக்குக் கீழே ஒருவரை இழிவுபடுத்த இடம் தருவதைத்தான் அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். சேரி தனக்கான மருத்துவரைத் தனக்குள்ளேயே உருவாக்கிக்கொண்டது இதனால்தான். எங்கள் பாட்டிமார் நொச்சி ஒடித்ததும் சுளுக்கு வழித்ததும் வேறு யாரும் வந்து தொட மாட்டார்கள் என்பதால் வளர்ந்த அறிவு.

அச்சேறிய ஒரு பெயர்

தொட்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. விதிவிலக்காக ஒரு பெயர் அச்சேறியிருக்கிறது: இட்டி அச்சுதன். சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியில் கொல்லாட்டு வீட்டைச் சேர்ந்த ஈழவ வைத்தியர். டச்சு மலபாரின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலையாள நாட்டின் செடிகொடிகளைப் பற்றி 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' என்ற பெருநூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அது வெளியானது. 742 தாவரங்கள் அதில் இடம்பெற்றன. செடிகளின் பெயரையும் குணத்தையும் தம் குடும்பத்து ஏட்டிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் சொன்னதாக அச்சுதன் 1675 ஏப்ரல் 20 தேதியிட்டு எழுதிக் கொடுத்த சான்று நூலின் முதல் தொகுதியில் இருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமணர்களின் சான்றும் அருகிலேயே இருக்கிறது.

ஈழவர் உயர்சாதியினரை நெருங்கக் கூடாது, இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருந்த நாடு அது. அந்த நாட்டின் செடி அறிவு உலகுக்குப் போனபோது ஓர் ஈழவரின் வாய்மொழி இல்லாமல் போக முடியவில்லை. நூலின் இரண்டாம் தொகுதியைத் திறந்தால் கருநொச்சி, வெண்நொச்சி, ஆவணக்கு என்று நம் இடுப்பு வலிச் செடிகளே மலையாளப் பெயரோடு படமாக நிற்கின்றன. ஆவணக்கு என்பது நம் ஆமணக்கு. இந்த நூலை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் கொண்டுவரத் தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். ஆங்கிலப் பதிப்பு 2003இல்தான் வந்தது. மூன்று நூற்றாண்டுக் காலம் அச்சுதனின் சொந்த மக்களால் அதைப் படிக்க முடியவில்லை.

இராயப்பேட்டையில் ஒரு வைத்தியர்

தமிழ்நாட்டில் நமக்கு ஒரு பண்டிதர் இருந்தார். 1845இல் பிறந்து 1914இல் மறைந்த அயோத்திதாசரைப் பௌத்த மறுமலர்ச்சியாளர் என்றும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர் என்றும் அறிவோம். அவருடைய பிழைப்பு சித்த வைத்தியம் என்பதை வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். கடந்து போகக் கூடாது. திரு.வி.க. சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்தார். தம்மை எழுந்து நடக்க வைத்தது அயோத்திதாசரின் மருத்துவம் என்று தம் வாழ்க்கைக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். தமிழ் உரைநடைக்கும் தொழிற்சங்க இயக்கத்துக்கும் பின்னாளில் அத்தனை செய்த ஒருவரைத் தீண்டப்படாதவர் என்று ஊர் ஒதுக்கிய வைத்தியர்தான் காப்பாற்றிக் கொடுத்தார்.

பண்டிதருக்கு மருத்துவமும் அரசியலும் தனித்தனியாக இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு காலத்தில் கல்வியும் மருத்துவமும் உடைய பௌத்தர்களாக இருந்தார்கள், பின்னர் அவை பறிக்கப்பட்டன என்பது அவர் வாதம். அந்த வரலாற்றை ஏற்பவர், மறுப்பவர் இருவரும் இருக்கலாம். ஆனால் அவர் கையில் ஏடும் இருந்தது, மருந்தும் இருந்தது, நோயாளியும் இருந்தார். கையால் வேலை செய்பவனுக்கு நூலறிவு கிடையாது என்ற பொய்யை அவர் வாழ்ந்தே உடைத்தார்.

பட்டம் வந்தது, கை கீழே போனது

1921இல் சென்னை மாகாண அரசு நாட்டு மருத்துவம் பற்றி ஆராய முகம்மது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. 1923இல் அறிக்கை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1964இல் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 1970இல் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம், 2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவமனை என்று வளர்ச்சி தொடர்ந்தது. இவற்றை நாம் வரவேற்கிறோம். இட ஒதுக்கீட்டில் படித்து வந்த நம் பிள்ளைகள் பலர் இன்று அரசு சித்த மருத்துவர்கள். ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர் பல்புவுக்கு ஈழவர் என்பதற்காகத் திருவிதாங்கூர் அரசு வேலை மறுத்தது. அவர் மைசூருக்குப் போய் வேலை பார்த்தார். 1896இல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவர் மனுவைக் கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் பட்டத்தின் அருமையைக் குறைத்துப் பேச மாட்டார்கள்.

ஆனால் பட்டம் எதை அறிவாக எண்ணியது என்று பார்க்க வேண்டும். நூலில் இருந்ததைப் பாடமாக்கியது. விரலில் இருந்ததை உதவியாளர் வேலையாக்கியது. இன்றைய நிலையங்களில் மருத்துவர் நாடி பார்த்து எழுதிக் கொடுக்கிறார். உளுந்து மாவில் வளையம் கட்டி இடுப்பில் சூடான தைலம் நிரப்புவது, கிழி ஒற்றுவது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் உழிவது எல்லாம் 'தெரபிஸ்ட்' வேலை. நாள் முழுவதும் குனிந்து பிறர் இடுப்பைத் தேய்த்து விடுபவருக்கு இடுப்பு வலி வந்தால் யார் தேய்த்து விடுவார்கள்? கையேட்டில் அவர் பெயர் கிடையாது.

பட்டம் இல்லாத பரம்பரை வைத்தியர்கள் மருத்துவம் செய்ய முடியாது என்று 2018 ஏப்ரலில் கேரள வைத்தியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலி மருத்துவர்களால் முதலில் சாவது ஏழைகள்தான் என்பதால் அந்தத் தீர்ப்பின் அச்சம் நமக்கும் புரிகிறது. ஆனால் சுளுக்கு வழித்துப் பிழைக்கும் கிழவியும், ஊசி போட்டு ஏமாற்றும் போலியும் ஒரே கூண்டில் நிறுத்தப்படுவது நியாயமா? சமூக மருத்துவர்களின் திறமையைச் சோதித்துச் சான்று தர இந்தியத் தரக் கவுன்சில் ஒரு தன்னார்வத் திட்டம் வைத்திருக்கிறது. அந்தச் சான்று உரிமம் ஆகாது. அந்தக் கிழவியின் பேத்தி உரிமம் பெற வேண்டுமென்றால் நீட் எழுத வேண்டும்.

இன்னொரு பக்கம் பணம் ஓடுகிறது. 2001இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின் நூலகம் பழைய நூல்களிலிருந்து மருந்து முறைகளைத் தொகுத்து அயல்நாட்டுக் காப்புரிமைத் திருட்டைத் தடுக்கிறது. நல்ல வேலை. ஆனால் நூலில் எழுதப்படாத கை அறிவுக்கு அங்கே இடமில்லை. 2023இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டமோ, நூல்களில் தொகுக்கப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு தருகிறது. வாய்மொழியாக இருந்தால் அறிவென்று ஏற்க மாட்டார்கள், ஏட்டில் ஏறிவிட்டால் பங்கு தர மாட்டார்கள். நொச்சித் தைலம் விற்கும் நிறுவனம் நொச்சியைக் கண்டு சொன்னவர்களின் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கும்?

யாருடைய இடுப்பு?

2020இல் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேறு எந்த நோயை விடவும் அதிகமானவர்களை முடக்கி வைப்பது இதுதான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வதால் வருவது என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. நாற்காலியே இல்லாதவர்களின் வலியை யார் எழுதுவது?

கீழத்தஞ்சையில் சேற்றில் நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்ட பெண்களின் இடுப்பு அது. சவுக்கடியையும் சாணிப்பாலையும் தண்டனையாக வாங்கிய பண்ணையாட்களின் முதுகு அது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் அந்த முதுகு நிமிரப் பெரும் போராட்டம் வேண்டியிருந்தது. இன்று செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் குப்பை வண்டிக்குப் பின்னாலும் வளைவது அதே முதுகின் வாரிசுகள். ஆண்டையைக் கண்டால் குனிந்து நிற்க வேண்டும் என்பதும் அந்த முதுகுக்கே இடப்பட்ட கட்டளை. வலியைத் தீர்க்கும் அறிவு எங்களிடம் வளர்ந்ததற்குக் காரணம் வலி எங்கள்மேல் சுமத்தப்பட்டதுதான். அந்த அறிவு ஏசி அறைக்குள் போய்விட்டது. வலி இன்னும் வயலிலும் தெருவிலும் இருக்கிறது.

இந்த முறைகள் பலிக்குமா என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். பழையது என்பதற்காக எதையும் நம்பச் சொல்ல மாட்டோம். 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டி, திடீரென வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் சூடு வைப்பதையும் மசாஜையும் முயலலாம் என்றது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி, மசாஜ் உள்ளிட்ட கைமுறைகள் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட் வேண்டாம் என்கிறது. ஒற்றடம் கொடுத்த பாட்டி தவறு செய்யவில்லை. ஆனால் கால் மரத்துப் போனால், கால் வலுவிழந்தால், சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, காய்ச்சலோடு வலித்தால், விழுந்து அடிபட்ட பின் வலித்தால், காரணமின்றி உடம்பு மெலிந்தால் எண்ணெயைத் தேடக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே போகும் உரிமையும் நாம் போராடிப் பெற்றதுதான்.

நாம் கேட்பது இவை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கும் சித்தப் பிரிவுகளில் தொக்கணமும் ஒற்றடமும் உழைக்கும் மக்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் முதுகுத்தண்டுப் பரிசோதனை ஆண்டுதோறும் நடக்க வேண்டும், அவர்கள் இடுப்பு வலி தொழில்நோயாக ஏற்கப்பட வேண்டும். கையறிவு உடைய முதியவர்களைச் சித்த மருத்துவக் கல்லூரிகள் ஊதியம் கொடுத்து ஆசிரியர்களாக அழைக்க வேண்டும், அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரோடு பதிவு செய்ய வேண்டும். தேய்த்து விடும் தொழிலாளிக்குத் தொழிலாளிக்குரிய கூலியும் மதிப்பும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குனிந்தே செய்ய வேண்டிய வேலைகளுக்கு இயந்திரம் வர வேண்டும், மலக்குழிக்குள் மனிதர் இறங்குவது நிற்க வேண்டும்.

உங்கள் ஊரில் சுளுக்கு எடுக்கும் பாட்டியோ தாத்தாவோ இன்னும் இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். பெயரைக் கேட்டு எழுதுங்கள், யாரிடம் கற்றார் என்று கேளுங்கள், எந்த இலையை எப்படி வதக்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இட்டி அச்சுதனின் பெயர் பிழைத்தது யாரோ அதை எழுதி வைத்ததால்தான்.